கட்டம், கிறுக்கல், கேள்விக்குறி: லினக்ஸ் கணினியில் தமிழ் பழுதான கதை

கள்ளக்குறிச்சி என்ற ஊர்ப்பெயரைத் தாளில் எழுதினால் எட்டு எழுத்து. க, ள், ள, க், கு, றி, ச், சி. அதையே இன்றைய கணினியில் யுனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தட்டிச் சேமித்தால் 14 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் வட்டில் எழுதப்படும்போது 42 பைட்டுகள். எட்டு எழுத்து எப்படி 42 ஆனது என்று தெரியாமல்தான் பலர் வீட்டு லினக்ஸ் கணினியோடு இரவெல்லாம் போராடியிருக்கிறார்கள். சொந்தமாக வழங்கி அமைத்துத் தமிழில் தளம் நடத்தியவர்களின் பாடு இன்னும் மோசம்.

தமிழ் பழுதானால் திரையில் மூன்று அறிகுறிகளில் ஒன்று தெரியும். ஒன்று, எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டங்கள். இரண்டு, ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கல். மூன்று, வரிசையாகக் கேள்விக்குறிகள். பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே "தமிழ் தெரியவில்லை" என்ற தொல்லைதான். ஆனால் முதல் இரண்டில் எழுதியது பத்திரமாக உள்ளே இருக்கிறது. மூன்றாவதில், கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால், எழுதியது போய்விட்டது. இந்த வேறுபாடு தெரியாமல் அவசரப்பட்டுச் சரிசெய்யப் போய், இருந்ததையும் இழந்தவர்கள் உண்டு. இந்த மூன்று அறிகுறிகளும் எப்படி வந்தன என்பதே கணித்தமிழின் வரலாற்றில் பாதி.

பழுதின் வேர்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று எழுதுபவரும் படிப்பவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த உடன்பாட்டுக்குத்தான் குறியேற்றம் என்று பெயர்.

1990களில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டு, அதாவது 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதி இடங்களில் தமிழை எப்படி அடுக்குவது என்பதை ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தார்கள். ஓர் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் இன்னொன்றில் 'ஞ' இருக்கும். ஒரு தளத்தைப் படிக்க அந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். அடுத்த தளத்துக்கு வேறொன்று.

இதற்கு முடிவு கட்ட, 1997 முதல் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கியது திஸ்கி என்ற குறியேற்றம். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் இதில் முன்னணியில் இருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. 1991-லேயே ஒருங்குறியின் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆக, ஒரே மொழிக்குப் பல உடன்பாடுகள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படித்தால் கிறுக்கல்.

திஸ்கிக்கும் ஒருங்குறிக்கும் இன்னொரு முக்கியமான வேறுபாடு உண்டு. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எண்கள் இருக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. ஒருங்குறியில் ஒலிக்கும் வரிசை. முதலில் க, பிறகு எகரக் குறி. திரையில் கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும், இல்லையென்றால் ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாகத் தொங்கும்.

முதல் அறிகுறி: கட்டம்

2000ஆம் ஆண்டையொட்டித் தன்னார்வலர்கள் சிலர் மடற்குழு அமைத்து, லினக்ஸில் ஓடும் கேடிஈ பணிச்சூழலைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். மொழிபெயர்த்தால் மட்டும் போதவில்லை. பெயர்த்த சொல் திரையில் தெரிய வேண்டுமே! கேடிஈ, கியூட்டி என்ற நிரல்தொகுப்பின் மேல் எழுப்பப்பட்டது. அந்தத் தொகுப்புக்குத் திஸ்கியைப் புரிந்துகொள்ளும் பகுதியை எழுதிக் கொடுத்தவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர். தமிழ் ஆர்வலர்கள் இணையத்தில் வைத்திருந்த திஸ்கி அட்டவணையை எடுத்து அதைச் செய்தார். 2002-ல் புரூனோ ஹைபிள் எழுதிய திஸ்கி மாற்றி, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிலேயே சேர்ந்தது. அதனால் 'ஐகான்வ்' என்ற ஒற்றைக் கட்டளையால் பழைய திஸ்கிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வேலைகளைச் செய்ய யாரும் யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. அட்டவணை பொதுவில் இருந்தது, நிரலும் திறந்திருந்தது. பழுது எங்கே என்று உள்ளே போய்ப் பார்க்க முடிந்தவர்கள் பார்த்தார்கள், சரிசெய்தார்கள்.

அதே காலத்தில் விண்டோஸ் 98-ல் ஒருங்குறித் தமிழுக்கு முறையான ஆதரவு கிடையாது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. எக்ஸ்பியிலோ கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிறுவல் குறுவட்டும் கையில் வேண்டும். லினக்ஸ் பக்கம் 2002-ல் வெளியான பாங்கோ தொகுப்பு, கொம்பைச் சரியான பக்கத்தில் வைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டது. பின்னர் ரெட் ஹாட் நிறுவனம் லோஹித் எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. அதன்பின் புதிதாக நிறுவிய லினக்ஸ் கணினியில் கட்டம் தெரிந்தால், பெரும்பாலும் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை என்றே பொருள். நிறுவினால் சரியாகிவிடும். கட்டத்தைக் கண்டு யாரும் கோப்பை அழிக்கத் தேவையில்லை.

இரண்டாம் அறிகுறி: கிறுக்கல்

சொந்தமாகத் தளம் நடத்த ஆசைப்பட்டவர்களுக்கு 2003 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் பெரிய வசதி. வீட்டில் ஒரு பழைய கணினி, அதில் லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி. நான்கும் காசில்லாமல் கிடைப்பவை.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் அட்டவணைக்கு அட்டவணை, பத்திக்குப் பத்தி தனிக் குறியேற்றம் குறிக்கும் வசதி 2004-ல் வந்த 4.1 பதிப்பில்தான் வந்தது. அப்போதும் ஒன்றும் சொல்லாவிட்டால் அது லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தையே எடுத்துக்கொண்டது. வேர்ட்பிரஸ் தமிழை யூடிஎஃப்-8 பைட்டுகளாக அனுப்பும். மைஎஸ்க்யூஎல் அவற்றை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து அப்படியே வாங்கி வைக்கும், கேட்டால் அப்படியே திருப்பித் தரும். இரண்டு பேருக்கும் பேச்சு புரியவில்லை, ஆனால் சரக்கு பத்திரமாகப் போய் வந்தது. தளத்தில் தமிழ் அழகாகத் தெரிந்தது. பல ஆண்டுகள் இந்தத் தவறு யார் கண்ணிலும் படவில்லை.

2007 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 2.2 பதிப்பின் அமைப்புக் கோப்பில் புதிதாக ஒரு வரி இருந்தது. தரவுத்தளத்தோடு இனி யூடிஎஃப்-8-ல் பேசு என்பது அதன் பொருள். நல்ல எண்ணத்தில் சேர்த்த வரிதான். ஆனால் பழைய தளத்தை மேம்படுத்தும்போது புதிய அமைப்புக் கோப்பையும் எடுத்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு வந்தது வினை. மைஎஸ்க்யூஎல் இப்போது, தன்னிடம் இருப்பது ஐரோப்பிய எழுத்து, கேட்பது யூடிஎஃப்-8, ஆகவே மாற்றித் தர வேண்டும் என்று கடமையுணர்வோடு ஒவ்வொரு பைட்டையும் மாற்றித் தந்தது. விளைவு, பழைய கட்டுரைகள் எல்லாம் கிறுக்கல்.

அந்தக் கிறுக்கலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-ல் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 'க' என்றால் 224, 174, 149. ஐரோப்பியக் கணக்கில் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட சிறிய 'ஏ' எழுத்து. 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறி. ஆகவே சாய்கோட்டு எழுத்தும் வட்ட 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், உள்ளே இருப்பது தமிழ்தான், பத்திரமாகத்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

மருந்தும் எளிதானது. அந்த ஒரு வரியை நீக்கினால் பழைய கட்டுரை திரும்பிவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், அட்டவணையின் பத்தியை முதலில் 'எழுத்து' என்ற வகையிலிருந்து வெறும் பைட்டு வகைக்கு மாற்ற வேண்டும். பைட்டுக்குக் குறியேற்றம் கிடையாது என்பதால் மைஎஸ்க்யூஎல் எதையும் 'மொழிபெயர்க்காது'. பிறகு அதை யூடிஎஃப்-8 எழுத்து என்று அறிவிக்க வேண்டும். நடுப்படியைத் தாண்டி நேராக மாற்றினால் கிறுக்கல் நிரந்தரமாகும். கள்ளக்குறிச்சியின் 42 பைட்டு 84-க்கும் மேலாகப் பெருகி உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாம் அறிகுறி: கேள்விக்குறி

அதே வரி இன்னொரு வேலையும் செய்தது. பழைய கட்டுரை கிறுக்கலானதைக் கவனிக்காமல் புதிய கட்டுரை எழுதினால், மைஎஸ்க்யூஎல் அதை யூடிஎஃப்-8 தமிழ் என்று சரியாகப் புரிந்துகொள்ளும். ஆனால் வைக்க வேண்டிய பத்தி லத்தீன்-1. அதில் தமிழுக்கு இடமே இல்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுச் சேமிக்கும். கள்ளக்குறிச்சிக்கு 14 கேள்விக்குறிகள். எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்து என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புரிந்துகொள்ளாதவரை பத்திரமாக இருந்த தமிழ், புரிந்துகொண்ட பிறகு அழிந்தது என்பது இந்தக் கதையின் விசித்திரம்.

கிறுக்கலை மீட்கப் போகும் வழியிலும் ஒரு குழி உண்டு. விண்டோஸ்-1252 என்ற ஐரோப்பிய அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழ் எழுத்துகளின் மூன்றாம் பைட்டைப் பார்த்தால், உகரக் குறிக்கு 129, புள்ளிக்கு 141, 'ஏ'வுக்கு 143, 'ஐ'க்கு 144. மைஎஸ்க்யூஎல் இந்தக் காலி இடங்களையும் பத்திரமாகக் கடத்திவிடும். ஆனால் கிறுக்கலை வெளியே நகலெடுத்து வேறு மாற்றியில் போட்டால், கண்டிப்பான மாற்றிகள் இங்கே நின்றுவிடும், அல்லது அந்த எழுத்தை விழுங்கிவிடும். கள்ளக்குறிச்சியில் மூன்று புள்ளியும் ஓர் உகரமும் போய்விடும். மீட்ட கட்டுரையில் புள்ளிகளையும் சில எழுத்துகளையும் மட்டும் காணோம் என்றால் காரணம் இதுதான்.

மைஎஸ்க்யூஎல் தன் இயல்பான குறியேற்றத்தை லத்தீன்-1-லிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்றியது 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் வேறொன்று மிச்சமிருக்கிறது. வேர்ட்பிரஸ், கட்டுரையின் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது 200 இடங்களோடு நிறுத்திக்கொள்ளும். முகவரியில் ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். 'கள்ளக்குறிச்சி கல்வராயன்' என்று இரண்டே சொல்லில் தலைப்பு வைத்தாலும், இடைவெளியோடு சேர்த்து 208. கடைசிப் புள்ளி கழன்று 'கல்வராயன' என்று முகவரி முடியும். ஆங்கிலத் தலைப்பை மனதில் வைத்து வகுத்த அளவு இது.

மின்வெட்டு

குறியேற்றத்தை விட்டால், வீட்டு வழங்கிக்குப் பெரிய எதிரி மின்சாரம். 2008-க்குப் பிறகான சில ஆண்டுகள், குறிப்பாக 2012, சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வட்டில் பாதி எழுதிய நிலையில் கோப்பு நிற்கும்.

பழைய எக்ஸ்ட்2 கோப்பு முறைமையில், அப்படி நின்ற கணினி மறுபடி எழும்போது வட்டு முழுவதையும் சோதிக்கும். 2001-ல் லினக்ஸ் கருவில் சேர்ந்த எக்ஸ்ட்3, செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்தது. அதனால் எழும்போது குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் போதும். தரவுத்தளத்திலும் இதே கதை. மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைக்குக் குறிப்பேடு கிடையாது. உடைந்தால் பழுதுபார்க்கும் கட்டளை கொடுக்க வேண்டும், அது சேர்க்க முடியாத வரிகளை விட்டுவிடக்கூடும். 2010-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து குறிப்பேடு வைத்திருக்கும் இன்னோடிபி இயல்பானது. இங்கேயும் பாடம் அதேதான். பழுதுபார்ப்பே இழப்புக்குக் காரணமாகலாம். நகல் எடுக்காமல் கட்டளை கொடுக்கக்கூடாது.

மலைக்கு வந்த மடிக்கணினி

இதுவரை சொன்னதெல்லாம் இணையத்தில் தேடி வழி கண்டுபிடிக்க முடிந்தவர்களின் கதை. இணையமே எட்டாத இடத்துக்கு லினக்ஸ் போனபோது என்ன ஆகும்?

தமிழக அரசு நிறுவனமான எல்காட், 2006 முதல் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதற்கு முன் திருவாரூர் மாவட்ட ஆட்சியராக மின்னாளுகையை நடத்திக் காட்டியவர் அவர். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியே அரசின் தரம் என்றும் டேஸ்16 மாற்றுத் தரம் என்றும் அரசாணை வந்தது. குறியேற்றச் சண்டை அரசு அளவில் அத்துடன் ஓய்ந்தது. அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பர் 15-ல், விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. தமிழ் எழுத்துருவும் உள்ளிடும் வசதியும் அதிலேயே உண்டு.

அப்போது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 1993 வரை தென்னார்க்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன்மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை. அங்கே வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும். அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்பு படித்தவர்களுக்கான திட்டம் என்பதால், வீட்டில் முதல் கணினியே இதுதான் என்ற நிலை பலருக்கு.

சமவெளியில் கணினி மக்கர் செய்தால் கடைக்குத் தூக்கிப் போகலாம். கடைக்காரருக்குத் தெரிந்தது பெரும்பாலும் விண்டோஸ். லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தருவதே 'பழுதுபார்ப்பு' ஆனது. பாஸ் லினக்ஸ் கெட்டுப்போய் அழிந்ததைவிட, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அழிந்ததே அதிகம் என்று சொன்னால் தவறில்லை. மலையில் கடையும் இல்லை, தேடிப் பார்க்க இணையமும் இல்லை. கணினிக்குள்ளேயே உதவிப் பக்கங்கள் இருந்தன, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இந்த இடைவெளியை உணர்ந்து வேலை செய்தவர்களும் உண்டு. த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்குவதையே தொழிலாகக் கொண்டது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' அதன் வழியே வந்த நூல். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு சுற்றுவட்டாரக் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி நடத்தியது. இவை மின்னூலாகவும் நேர்ப்பேச்சாகவும் பரவின. மின்னூலைப் பென்டிரைவில் போட்டு மலைக்குக் கொண்டுபோக இணையம் தேவையில்லை.

பழுது பார்க்கும் வரிசை

முப்பது ஆண்டுக் கதையைச் சுருக்கினால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் நகல். தரவுத்தளத்தை அப்படியே, பைட்டு மாறாமல், வேறொரு வட்டில் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, அறிகுறியைப் பார்க்க வேண்டும். கட்டமா, எழுத்துருவைத் தேடு. புள்ளிவட்டமா, எழுத்தை அடுக்கும் மென்பொருளைப் பார். சாய்கோடும் வட்ட 'ஆர்' குறியுமா, குறியேற்றம் எங்கே மாறியது என்று தேடு, உள்ளே எதையும் தொடாதே. கேள்விக்குறியா, உடனே எழுதுவதை நிறுத்து, பழைய நகலைத் தேடு. மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதைத் தாளில் எழுதி வை.

திஸ்கியில் இருந்த மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் சேதமில்லாமல் ஒருங்குறிக்கு வந்தன. அட்டவணை பொதுவில் இருந்ததே காரணம். தனியார் எழுத்துருக்களில் எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களுக்கு, சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளை யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. அப்படி யாரும் எழுதாத எழுத்துருவில் இருந்தவை இன்றும் கிறுக்கலாகவே கிடக்கின்றன. அவற்றில் இருப்பதும் தமிழ்தான். எந்த எண் எந்த எழுத்து என்ற குறிப்பை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.